ஒரு கல்லுக்கு ஒரு செம்புத் தண்ணீர்

தண்ணீர் கேட்டவனுக்கு மோர் கொடுத்த புண்ணியவான்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். தண்ணீர் கேட்டவனிடம் கல் கேட்ட மனிதரைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அப்படிப்பட்டவர் கண்டிச் சீமையில் ஒருவர்தான் இருந்தார். உலகத்திலேயே ஒருவர்தான் என்பது என் கட்சி. இன்னொருவர் இருந்திருந்தால் பூமியில் கல்லே மிஞ்சியிருக்காது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. ஒத்தக்கல்லு என்றால் கெலிஓயாவிலிருந்து கம்பளை வரை வண்டி மாட்டுக்குக்கூடத் தெரியும்.

மலையெல்லாம் கோப்பியாக இருந்த காலம் அது. இன்றைக்குத் தேயிலையைப் பார்த்துப் பழகியவர்களிடம் சொன்னால், நான் கதை விடுகிறேன் என்பார்கள். கெலிஓயா தாண்டிக் கம்பளை போகும் வழியில், மலைக்கும் பாதைக்கும் நடுவே ஒரு சின்னக் குளம் இருந்தது. கரையோரம் கொஞ்சம் குடிசைகள். வண்டிக்காரர்கள், மாட்டுக்கு லாடம் அடிக்கிறவர், தோட்டத்தை விட்டு வந்தவர்கள், கீழே ஆற்றோரம் வயல் செய்த இரண்டு மூன்று சிங்களக் குடும்பங்கள். ஊரின் பெயர் குளத்தடி. பாதையோரம் கோப்பித்தண்ணியும் ரொட்டியும் சுருட்டும் விற்ற கடை என்னுடையது. கடைக்குப் பின்னால் குளத்துக் கரை, கரையின் மேல் ஒத்தக்கல்லு. என் வியாபாரத்துக்கு ஆண்டவன் வைத்த சோதனை அந்த மனிதர்.

குளத்தில் இறங்க ஒரே ஒரு துறைதான் உண்டு. மற்றப் பக்கமெல்லாம் சேறு, நாணல், அட்டை. அந்தத் துறையில் ஒரு பித்தளைச் செம்போடு அவர் உட்கார்ந்திருப்பார். யார் வந்து தண்ணீர் கேட்டாலும் முதலில் கரையைக் காட்டுவார்.

"ஒரு கல்லு போட்டுட்டு வாங்க. ஒத்தக் கல்லு போதும்."

அவ்வளவுதான் சட்டம். கல் போட்டால் ஒரு செம்புத் தண்ணீர், அவர் கையாலேயே. போடாவிட்டால் கம்பளையில் போய்க் குடித்துக்கொள்ளலாம். பிள்ளைத்தாய்ச்சிக்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் மட்டும் விலக்கு. அவர்களுக்கு ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர்கள் கணக்குக்கு அவரே ஒரு கல்லைத் தூக்கிக் கரையில் வைப்பார். மற்றபடி கங்காணி, பாதிரியார், வண்டிக்காரன், வழிப்போக்கன் எல்லோரும் ஒன்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது இவரை வைத்துத்தான் வந்திருக்க வேண்டும். வானம் தாராளமாகப் பெய்துவிட்டுப் போன தண்ணீர், இவர் என்னவோ மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பது போல நடந்துகொள்வார்.

என் கடைக்கு வந்து குந்துகிறவர்களையும் விடமாட்டார். "கோப்பித்தண்ணியும் தண்ணிதானே?" என்று பாதை வரை குரல் வரும். பாதி குடித்த கோப்பியை வைத்துவிட்டுக் கல் தேடப் போன வாடிக்கையாளர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிலர் திரும்பி வரவே இல்லை.

ஒருநாள் மேல்தோட்டத்துத் துரை குதிரையில் வந்தார். நல்ல வெயில், முகமெல்லாம் தக்காளிப் பழம். தோட்டத்துத் தமிழில், "தண்ணி கொண்டு வா" என்றார். ஒத்தக்கல்லு சட்டத்தைச் சொன்னார். துரை சிரித்துவிட்டுக் குதிரைக்காரனைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"அவரு போட்டா அவருக்குத்தாங்க தண்ணி. குடிக்கிற ஆளுதான் போடணும்."

துரைக்கு அது வேடிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். இறங்கி, கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிக் கரையில் போட்டார். ஒத்தக்கல்லு முகம் மாறாமல் செம்பைச் சாய்த்து, துரையின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார்.

"கல்லுக்குத் தக்க தண்ணிங்க."

நான் கடைக்குள் போய் மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். துரை சவுக்கை எடுப்பார் என்று நினைத்தேன். அவரோ சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பாதையோரம் கிடந்த ஒரு பாறாங்கல்லைப் புரட்டிப் புரட்டிக் கரை வரை கொண்டுவந்தார். கல் கரையில் ஏறியதும் ஒத்தக்கல்லு செம்பை விட்டுவிட்டுக் குடத்தை எடுத்தார். துரை குடித்தார், தலையில் ஊற்றிக்கொண்டார். துரை குதிரையில் ஏறும்போது ஒத்தக்கல்லு மெதுவாகச் சொன்னார்:

"குதிரையும் குடிச்சிருச்சுங்க."

துரை மறுபடி இறங்கினார்.

அலவத்துகொடையிலிருந்து தவளம், அதாவது பொதிமாட்டுக் கூட்டம், ஓட்டி வரும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் நானா. பொதி மாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு மேலே போவார், பாக்கும் கோப்பியும் ஏற்றிக்கொண்டு கீழே வருவார். மாடுகள் தண்ணீருக்கு இறங்கும்போதெல்லாம் குளக்கரையில் வழக்கு மன்றம் கூடும்.

"அல்லாஹ் தந்த தண்ணிக்கி நீங்க என்னத்துக்கு வாசல்ல குந்தி ஈக்கிறீங்க? மாடும் கல்லுப் போடணுமா?"

"மாடு போட வேணாம் நானா. மாட்டுக்காரரு மாட்டுக்கு ஒண்ணு போட்டாப் போதும்."

"இந்த மனிசன்ட வாயில விழுந்து எழும்ப ஏலாது" என்று முணுமுணுத்துக்கொண்டே நானா கல் சுமப்பார். இத்தனைக்கும் அவர் மலைக்கு வேறு வழியாகவும் போகலாம். போகமாட்டார். இரண்டு பேருக்கும் அந்தச் சண்டை வேண்டியிருந்தது.

ஒத்தக்கல்லுவுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. தண்ணீர் குடித்து முடித்தவரை லேசில் விடமாட்டார். கரை நெடுகக் கூட்டிக்கொண்டு போய்க் குளத்தடியின் சரித்திரத்தைச் சொல்வார். எங்கள் ஊருக்குச் சரித்திரம் என்று இருந்தது அந்தக் கரை ஒன்றுதான். "இது ஒரு மதுரைக்காரி போட்டது. இடுப்புல பிள்ளை, தலையில மூட்டை, அப்பவும் ரெண்டு கையால தூக்கிட்டு வந்தா. இது கம்பளைத் தட்டாரு போட்டது, எடை பார்த்துப் பார்த்துச் சின்னதா எடுத்தாரு. இது ஒரு கல்யாணக் கோஷ்டி. மாப்பிள்ளை போட்டது பெரிசு, மாமனாரு போட்டது அதைவிடப் பெரிசு." கேட்கிறவர்கள் மெய்மறந்து நிற்பார்கள்.

என் மனைவி மீனாட்சி மட்டும் மெய்மறக்கமாட்டாள். "நேத்து அந்தக் கடைசிக் கல்லைத்தானே மதுரைக்காரின்னீங்க?" என்பாள்.

"அவ இங்க எடம் மாறிட்டா, தாயி" என்பார்.

இப்படி வருகிறவர் போகிறவரெல்லாம் கல் போட்டதில் ஒரு விபரீதம் நடந்தது. சுற்றுவட்டாரத்தில் கல்லே இல்லாமல் போயிற்று. நாயை விரட்டக்கூட ஒரு கல் கிடைக்காது. குளத்தடி நாய்களுக்கு அப்படி ஒரு திமிர் வேறெங்கும் நான் கண்டதில்லை. தாகம் கண்ணை மறைத்தால் மனிதன் எதையும் செய்வான். என் கடை அடுப்புக் கல் மூன்றில் ஒன்று ஒருநாள் காணாமல் போயிற்று. லாடக்காரரின் பட்டறைக் கல் போயிற்று. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் அடியே வைக்காமல் அம்மிக் குழவி நகர்ந்திருந்தது.

மீனாட்சி வெறும் அம்மியைப் பார்த்தாள். பிறகு கரையைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். அன்றைக்கு ஒத்தக்கல்லு கதை முடிந்தது என்று நினைத்து, பார்க்கும் ஆசையில் நானும் கொஞ்சம் பின்னால் போனேன்.

குழவி கரையின் ஆற்றுப்பக்க மூலையில், இரண்டு கல்லுக்கு நடுவில், பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பது போல உட்கார்ந்திருந்தது.

"என் குழவியை எடுங்க."

"போட்ட கல்லை எடுக்கக்கூடாது, தாயி. அது குளத்தோடது."

"அப்ப நான் எதுல மசாலா அரைக்கிறது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அம்மியை இங்க கொண்டுவந்துட்டா இங்கயே அரைச்சுக்கலாம்" என்றார். கிண்டலாக இல்லை. உதவி செய்கிற முகத்தோடுதான் சொன்னார்.

மீனாட்சி வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்பதால் நான் கடைக்குத் திரும்பிவிட்டேன். அவள் வெகுநேரம் கழித்து வந்தாள். கையில் குழவி இல்லை. கேட்டதற்கு, "வேற வாங்கிக்கலாம்" என்றாள். என் மனைவி ஒரு சண்டையில் வெறுங்கையோடு திரும்பியதை அன்றுதான் பார்த்தேன். சாப்பிடும்போது அவளே சொன்னாள்.

அவர் இந்தச் சீமைக்கு வந்தது மன்னார்க் கரையிலிருந்து கால்நடையாக. மாத்தளை, கண்டி எல்லாம் தாண்டி, தோட்ட வேலைக்கு வந்த ஒரு கூட்டத்தில் இந்த இடம் வரை மனைவியோடு வந்திருக்கிறார். அவளுக்குக் காய்ச்சல். தூரத்திலிருந்து பார்த்தபோது குளம் மாதிரித் தெரிந்திருக்கிறது. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று அவளை மர நிழலில் கிடத்திவிட்டு ஓடியிருக்கிறார். கரை உடைந்து, குளம் காய்ந்து, வெறும் வெடித்த சேறுதான் இருந்தது. அவர் வெறும் செம்போடு திரும்பி வந்தபோது அவள் உயிரோடு இல்லை. கூட வந்த கூட்டம் தோட்டத்துக்குப் போய்விட்டது. அவர் போகவில்லை.

"உடைஞ்ச கரை ஓரத்துல அவளைப் புதைச்சு, அடையாளமா ஒரு கல்லு வச்சாராம்" என்றாள் மீனாட்சி. "தனியா இருந்துச்சாம். பாவமா இருக்கேன்னு பக்கத்துல இன்னொண்ணு வச்சாராம். அப்படியே வச்சு வச்சு உடைஞ்ச கரை அடைஞ்சுருச்சாம். அந்த மொதக் கல்லு பக்கத்துலதாங்க நம்ம குழவி இருக்கு. நான் எப்படி எடுக்குறது?"

அன்று குழம்பில் மசாலா நறநறவென்று இருந்தது. நான் இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.

பிறகு ரயில் வந்தது. கம்பளைக்கு ரயில் வந்ததை ஊரே மேளம் கொட்டிக் கொண்டாடியது. குளத்தடிக்கு அது சாவு மேளம். கோப்பி மூட்டையெல்லாம் ரயிலில் ஏறிப் போயிற்று. வண்டி குறைந்தது, நடக்கிறவர்கள் குறைந்தார்கள். தண்டவாளம் என் கடைக்கு மேலே, குளத்தை ஒட்டி வளைந்து போகும். அந்த வளைவில் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஆமையாக நகரும். ஜன்னலில் நூறு முகம் தெரியும், ஒருவருக்கும் தாகம் இராது. ஒத்தக்கல்லு செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

கரை என்பது ஒருமுறை கட்டிவிட்டால் நிற்கிற பொருள் இல்லை. ஒவ்வொரு மழையும் கொஞ்சம் தின்னும். ஆற்றுப்பக்க மூலையில் கசிவு தொடங்கியது. அங்கே உடைந்தால் கீழே வயல் போகும், குடிசைகள் போகும், என் கடை போகும். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த முதல் கல் போகும். நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் சுமந்து போட்டோம், பற்றவில்லை. போதாதற்கு மண்வெட்டியை வைத்துவிட்டு ஒவ்வொரு குடும்பமாகக் கம்பளைக்குக் குடிபோகத் தொடங்கிவிட்டது.

ஒருநாள் காலை வளைவில் ரயில் கூவிய கூவலில் என் கடைக் கூரை அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், தண்டவாளத்தின் நடுவில் ஒத்தக்கல்லு. கையில் அவருடைய சிவப்புத் தலைப்பாகை கொடியாக ஆடுகிறது. வண்டி நின்றுவிட்டது. கார்டு வெளிறிப்போய் ஓடிவந்தார்.

"என்ன மனுசன்? பாலம் உடைஞ்சிட்டுதா?"

"பாலம் நல்லா இருக்குங்க. கரைதான் மோசம்."

"எந்தக் கரை?"

"நம்ம குளத்துக் கரைங்க. எல்லாரையும் எறங்கி ஆளுக்கு ஒரு கல்லு போட்டுட்டுப் போகச் சொல்லுங்க. வெத்தலை போடுற நேரந்தான் ஆகும்."

கார்டு அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். ஆனால் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு கிழவர் எட்டிப் பார்த்து, "அடேய், நம்ம ஒத்தக்கல்லுடா!" என்று கத்தினார். அவ்வளவுதான். ஒரு காலத்தில் நடந்து வந்து அந்தச் செம்பில் குடித்தவர்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள். கல்லுக்கு எங்கே போவது? காலடியில் தண்டவாளத்துக்குக் கொட்டிய சல்லிக் கல் குவியலாகக் கிடந்தது. ஆளுக்கு இரண்டு கையாலும் அள்ளினார்கள்.

"ரெயில்வேக் கல்லு! ரெயில்வேக் கல்லைத் தொடாதீங்க!" என்று கார்டு முன்னும் பின்னும் ஓடினார். ஒத்தக்கல்லு நியாயஸ்தர். "அவரு சொல்றது சரிதான், அடுத்தவங்க கல்லை எடுக்காதீங்க" என்று அவரும் கூடவே கத்தினார். பேச்சோடு பேச்சாகக் கார்டு கையிலும் ஒன்றைக் கொடுத்து, "நீங்க ஒண்ணு போடுங்க" என்றார்.

அவரைக் கார்டு வண்டியிலேயே ஏற்றிக் கம்பளைக்குக் கொண்டுபோனார்கள். ஜெயில்தான் என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். மாலையில் நடந்து வந்தார். இனி தண்டவாளத்தில் கால் வைப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்களாம். "ஸ்டேசன் ஐயாகிட்டயும் கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னாரு" என்றார் நம்பிக்கையோடு.

சத்தியத்தை அவர் மீறவில்லை. கரையில் நின்று தலைப்பாகையை மட்டும் ஆட்டினார். மறுநாள் வளைவில் வண்டி ஊர்ந்தபோது ஜன்னலிலிருந்து ஒரு கல் வந்து விழுந்தது. அடுத்த நாள் நாலைந்து. கம்பளையில் ஏறும்போதே மடியில் கட்டிக்கொண்டு ஏறினார்கள். கொஞ்ச காலத்தில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஊர் உலகத்தில் பைத்தியக்காரன் மேல்தான் கல்லெறிவார்கள். எங்கள் ஊரில் மரியாதைக்கு எறிந்தார்கள். குறி தவறிய மரியாதைகள் என் கடைக் கூரையில் விழுந்தன. ஒன்று ஒத்தக்கல்லுவின் நெற்றியில் விழுந்தது. ரத்தம் வழிய வழிய அந்தக் கல்லை எடுத்துக் கரையில் வைத்துவிட்டுத்தான் கட்டுப் போட வந்தார்.

மீனாட்சி கடைக்குள் போனாள். கோப்பி வறுக்கும் இரும்புச் சட்டியை எடுத்துவந்து அவர் தலையில் கவிழ்த்தாள். "கழட்டினீங்கன்னா பார்த்துக்கங்க" என்றாள். அதன்பிறகு ரயில் கூவினால் ஒத்தக்கல்லு சட்டியோடு ஓடுவார், டங் டங்கென்று சத்தம் கேட்கும். நாங்கள் கோப்பியை உடைந்த பானை ஓட்டில் வறுத்துக் கருக்கினோம்.

அதற்குள் கோப்பி இலையில் மஞ்சள் பொடி விழுந்துவிட்டது. எந்த மருந்துக்கும் கேட்காத நோய். ஒவ்வொரு மலையாக மொட்டையாயிற்று. தோட்டங்கள் மூடப்பட்டன. வேலையில்லாத சனம் மூட்டை முடிச்சோடு ரயிலேறிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கப்பலில் ஊருக்குத் திரும்பிற்று. வரும்போது நடந்து வந்து ஒரு கல் போட்டவர்கள், போகும்போது ஜன்னலிலிருந்து ஒரு கல் போட்டார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு கல் விழுந்து நான் பார்த்ததில்லை. ஒத்தக்கல்லு சட்டிக்குக் கீழே அழுதுகொண்டே பொறுக்கினார். "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்று ஒவ்வொரு பெட்டிக்கும் சொன்னார். யாரும் திரும்பி வரமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும்.

மேல்தோட்டத்துத் துரையும் எல்லாம் இழந்து ஒருநாள் போனார். முதல் வகுப்பிலிருந்து பளபளவென்று ஏதோ வந்து புல்லில் விழுந்தது. மேசையில் காகிதம் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டு. ஒத்தக்கல்லு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினார்.

"இது கல்லு இல்லையே, தம்பி."

"விடுங்க அண்ணே, நல்ல மனசோடதானே போட்டாரு."

"ஆமா, அவருகிட்ட இப்பக் கல்லு ஏது, பாவம்" என்று சொல்லி அதையும் சேர்த்துக்கொண்டார்.

அந்த வருடம் பெரிய மழை பிடித்தது. குளம் கரை விளிம்பைத் தொட்டது. மிச்சமிருந்த நாலைந்து குடும்பமும் ஆற்றுப்பக்க மூலையில் மண் சுமந்தோம். நண்பகலில் பாதையில் மணிச் சத்தம். அலவத்துகொடை நானா, எல்லா மாடுகளோடும். கோப்பிச் சாக்குகளில் கோப்பிக்குப் பதில் கல்.

"மாட்டுக்கு ஒண்ணுதானே கேட்டீங்க? இந்தாங்க, சாக்குச் சாக்கா ஈக்கிது. இனி வாயத் தொறக்கப்படாது" என்றார்.

ஒத்தக்கல்லு நிஜமாகவே வாயைத் திறக்கவில்லை. நானாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அந்த மூலையில் மோதிப் பார்த்தது, தடவிப் பார்த்தது. மதுரைக்காரியும் தட்டாரும் மாமனாரும் துரையும் எங்கள் குழவியும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் மழை விட்டது. கரை நின்றது.

அவர் இறந்தது அதற்குச் சில வருடம் கழித்து, ஒரு மத்தியானம், துறையில் உட்கார்ந்தபடியே. அவளுடைய கல்லுக்குப் பக்கத்திலேயே புதைத்தோம். மேலே கல் வைக்கக்கூடாது, அதைக் கரையில் போட்டால் உபயோகம் என்று முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்படியே செய்தோம். சட்டியை மீனாட்சி எடுத்துவந்து கழுவினாள். அடிப்பாகமெல்லாம் கல் பட்ட நெளிவு. அதில் வறுத்தால் கோப்பி ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் பச்சையாக இருக்கும். வேறு சட்டி வாங்கலாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நாங்களும் கம்பளைக்கு வந்துவிட்டோம். போன வாரம் கண்டிக்கு ரயிலில் போனோம். மலையெல்லாம் தேயிலை. வளைவில் வண்டி ஊர்ந்தது. குளம் நிறைந்து கிடந்தது. எதிரில் இருந்த ஒரு புது மனிதர், பெட்டியிலுள்ள பாதிப் பேர் மடியைத் தடவுவதைப் பார்த்து மிரண்டுபோனார். மீனாட்சி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கல்லை எடுத்தாள். காலமெல்லாம் அந்த மனிதரைத் திட்டியவள் எழுந்து நின்று, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, இந்த வயதில் இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து எறிந்தாள். கல் கரையைத் தாண்டித் தண்ணீரில் போய் விழுந்தது.

"என்ன, குறி தப்பிருச்சே?" என்றேன்.

"தப்பல. எட்டித்தான் போட்டேன்" என்றாள். "இப்ப அவரு தலையில சட்டி இல்லையே."